பேசாமடத்தின் கடைசி முக்காடு

சம்மனசுமேட்டுக் கோவில் சுவரில் வரைந்திருக்கிற சாமியார்களில் ஒருவருக்கு டீக்கடை சந்தியாகுவின் முகம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், சனங்கள் நன்மை வாங்க வரிசையில் நின்றபோது. முதலில் பார்த்தது அவர் மனைவி மங்களமேரி. அவள் நாக்கில் இருந்த அப்பத்தை மரியாதையாக விழுங்கி முடித்துவிட்டு, "இந்த மனுசன் சுவத்துக்குப் போகும்போதாவது சவரம் பண்ணிட்டுப் போயிருக்கலாம்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். சந்தியாகு வரிசையின் கடைசியிலிருந்து அண்ணாந்து பார்த்தார். வெள்ளை அங்கியின் முக்காட்டுக்குள் அவருடைய மூக்கு, மூக்கில் அவருடைய மரு, முந்தாநாள் தாடி, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. "நான் இல்லப்பா" என்றார் அவர், யாரும் கேட்காமலே. பங்குச் சாமியார் பெர்க்மான்ஸ் பூசையை நிறுத்தவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்குப் பூசையை நிறுத்தலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்தக் கோவில் ஊருக்காகக் கட்டியது அல்ல. ஊர்க்காரர்களின் தாத்தாக்களுக்குத் தாத்தாக்கள் மலையில் புதர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், பிரெஞ்சு தேசத்திலிருந்து கர்த்தூசியர் என்கிற சபைச் சாமியார்கள் மாட்டு வண்டியிலும் பிறகு நடந்தும் ஏறி வந்தார்கள். எப்போதோ புனித புரூனோ என்பவர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பனிமலைக்குள் போய்த் தொடங்கிய சபை அது. ஆளுக்கு ஒரு சிறு வீடு, வீட்டைச் சுற்றி மதில், தனியாகச் சாப்பாடு, தனியாக வேலை, தனியாகச் செபம், கோவிலுக்குள் மட்டும் சேர்ந்து பாட்டு, வாரத்துக்கு ஒரு தரம் மலைப்பாதையில் நடக்கும்போது மட்டும் தங்களுக்குள் பேச்சு என்று வாழ்கிற சபை. கல் சுமந்த ஊர்க்காரர்கள் அவர்களிடம் ஏதாவது கேட்டால் சிரிப்பும் கும்பிடும்தான் பதிலாக வந்தது. அதனால் அந்த இடத்துக்குப் பேசாமடம் என்று பெயர் வைத்தார்கள்.

கோவிலை அவர்கள் நீளமாக, குறுகலாக, உயரமாகக் கட்டினார்கள். கூரையைச் சவப்பெட்டியின் மூடி மாதிரி அமைத்தார்கள், தினமும் அண்ணாந்து பார்த்துச் சாவை நினைத்துக்கொள்வதற்காக. நடுவே குறுக்குச் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் சாமியார்கள், இந்தப் பக்கம் சமையலும் தோட்டமும் பார்க்கிற சகோதரர்கள் என்று பிரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கிடையாது. அவர்களுக்குக் கீழே ஓட்டுக் கொட்டகைக் கோவில் ஒன்று இருந்தது. சாமியார்களில் ஓவியம் தெரிந்த ஒருவர், பீடத்துக்குப் பக்கச் சுவரில் சுண்ணாம்பு ஈரம் காய்வதற்குள் பன்னிரண்டு சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுவதை வரைந்தார். பன்னிரண்டு பேருக்கும் முக்காடு உண்டு, முகம் கிடையாது. முக்காட்டுக்குள் கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி இருட்டு. கைகள் எல்லாம் அங்கியின் கைக்குள் ஒளிந்திருந்தன. கல்லறையில்கூடப் பெயர் எழுதாமல் வெறும் மரச்சிலுவை நடுகிற சபையில், முகமும் ஒரு பெயர்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

ஊருக்கு இதில் ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. மற்ற ஊர்களுக்குத் தேர் இருந்தது, குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி இருந்தது, புதுமை செய்கிற அந்தோணியார் இருந்தார். சம்மனசுமேட்டுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: இந்த ஊர்க்காரர்கள் சாமியார்களின் மௌனத்தைக் கலைத்ததில்லை. கல்யாணம் பேசப் போன இடத்திலும் அதைச் சொல்வார்கள். ஒரு முறை மடத்துக் கூரையில் வேலை செய்த தச்சன் ஒருவன், உத்தரம் சரிவதைப் பார்த்துக் கீழே நின்ற சாமியாரிடம் "சாமி, தள்ளுங்க" என்று கத்திவிட்டான். சாமியார் தள்ளி நின்றார், பிழைத்தார். ஊர் கூடி, மௌனத்தை உடைத்த குற்றத்துக்காகத் தச்சனைக் கொட்டகைக் கோவில் வாசலில் முழங்காலில் நிறுத்தியது. அவனும் தான் செய்தது தப்புதான் என்று நின்றான்.

காலம் போகப் போகச் சாமியார்கள் ஒவ்வொருவராக மரச்சிலுவைக்குக் கீழே போனார்கள், பிரெஞ்சு தேசத்திலிருந்து புதிதாக ஆள் வருவதும் நின்றுபோனது, சகோதரர்களும் போனார்கள், கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவருக்குச் சாப்பாடு கொடுக்கிற பொறுப்பு சலேத்துவிடம் வந்தது. அவள் நாற்பது வயதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, மகளை வத்தலக்குண்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். சாமியாரின் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவருக்குள் ஒரு சோற்று மாடம் உண்டு. வெளியே ஒரு பலகைக் கதவு, உள்ளே ஒரு பலகைக் கதவு, நடுவே மாடம் வளைந்து போகும், வைப்பவரும் எடுப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. சலேத்து தினமும் கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டு நேற்றைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவாள். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் அவள் கையை எடுக்கத் தாமதித்தபோது உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்தாள்: எலும்பும் நரம்புமான வெள்ளைக் கை, புறங்கையில் கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை உளி இழுத்த ஒரு தழும்பு. மரவேலை செய்வார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் பார்த்ததே தப்பு என்பார்கள்.

அவர் இறந்தது ஒரு தவக்காலத்தின் கடைசி வாரத்தில். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறானா பக்தியாக இருக்கிறானா என்று வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாத வாரம் அது. மடத்து மணி அடிக்கவில்லை. பாடுகளின் வாரத்தில் மணி ஓய்வதுதானே, இந்தச் சாமி கொஞ்சம் முன்னாடியே ஓய வைத்துவிட்டார் என்றார்கள். விளக்கு எரியவில்லை; ஒறுத்தல் என்றார்கள். புகை வரவில்லை, உபவாசம் என்றார்கள். உயிர்த்த ஞாயிறான பாஸ்கா முடிந்து ஆயர் இல்லத்திலிருந்து யாரோ பார்க்க வந்தபோதுதான் கதவைத் திறந்தார்கள். சோற்று மாடத்துக்கு உள்பக்கம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். சபை வழக்கப்படி முக்காட்டை இழுத்து முகத்தை மூடியிருந்த அவரை ஊர் தோளில் சுமந்து போய், பெயரில்லாத சிலுவை நட்டு, அன்றும் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியது. அப்படித் திரும்பியதைப் பற்றி அப்புறம் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

ஆயரின் மேற்றிராசனம் மடத்துக் கோவிலை ஊருக்குப் பங்குக் கோவிலாகக் கொடுத்தது. குறுக்குச் சுவரை உடைத்து வாசல் வைத்தார்கள். அந்த வாசல் வழியாகச் சனங்கள் உள்ளே வந்து, அண்ணாந்து, பன்னிரண்டு இருட்டு முக்காடுகளையும் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தபோதுதான், அடுத்த தவக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு, சந்தியாகுவின் முகம் வந்தது.

பூசை முடிந்து யாரும் கலையவில்லை. ராயப்பன், மடத்துத் தோட்டத்துக்குப் பக்கத்தில் காப்பிச் செடி போட்டிருந்தவர், சந்தியாகுவின் தோளைப் பிடித்து, "என்னய்யா பண்ணின? மறைக்காமச் சொல்லு" என்றார்.

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமயா சுவத்துல ஏறி உக்காந்திருக்க?"

"அதத்தான்யா சொல்றேன்" என்று சந்தியாகு தரையைப் பார்த்தார். "திங்கக்கெழமயே மணி அடிக்கல. பெரிய வியாழன் வரைக்கும் அது அடிக்கணும், எனக்குத் தெரியும். தெனமும் விடியுமுன்ன அதக் கேட்டுத்தான் நான் கடை தெறப்பேன். அன்னைக்கி அடிக்கலன்னதும் நல்லதாப் போச்சுன்னு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன். அம்புட்டுத்தான். ஒண்ணும் பண்ணல."

அடுத்த ஞாயிறு ராயப்பனின் முகம் வந்தது. புகை வராததைக் காப்பித் தோட்டத்திலிருந்து அவர் பார்த்திருக்கிறார்; பார்த்துவிட்டு, மடத்து வேலி ஓரத்து முருங்கையில் நிம்மதியாகக் காய் பறித்திருக்கிறார். அப்புறம் பால்காரரின் முகம், அப்புறம் மங்களமேரியின் முகம். பெண்ணுக்குச் சாமியார் அங்கி எப்படி என்று கேட்ட சிலரும் அடுத்தடுத்த வாரங்களில் சுவரில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் எதையோ பார்த்திருந்தார்கள், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், மூடிக்கொண்டிருந்ததை நல்ல குணம் என்று நினைத்திருந்தார்கள்.

முதலில் ஊர் அழுதது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. நோன்பு இருந்தார்கள், முழங்காலிலேயே கல்லறைக்குப் போனார்கள். ஆனால் மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், குற்றம் சீக்கிரமே பழகிவிடும். மழைக்காலம் வருவதற்குள் ஆளுக்கு ஆள் தன் முகத்துக்கு நேர் கீழே உட்கார ஆரம்பித்தார்கள். பால்காரர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது, "சுவத்துல இருக்கிற குடும்பம்" என்று தரகர் சொன்னதாகக் கேள்வி. சுவர் தன்னைக் கறுப்பாகப் போட்டுவிட்டது என்று ஒருவருக்கு வருத்தம். சுவரில் வராத வீட்டுக்காரர்கள், தங்கள் வீட்டில் யாரும் எதையும் கவனிக்கவில்லை என்பது கௌரவக் குறைச்சல் மாதிரி, "நாங்களும் விளக்கு எரியாததப் பாத்தோம்ல" என்று வாசலில் நின்று சொன்னார்கள். ராயப்பனும் சந்தியாகுவும் யாருடைய தப்பு பெரிது என்று ஒரு நாள் கடையில் கைகலக்கப் போனார்கள். "புகைங்கிறது ஒரு பேச்சாய்யா? மணி, மணின்னா சும்மாவா?" என்று சந்தியாகு கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஆயர் இல்லத்திலிருந்து ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரக்கசிவு என்றார். பெர்க்மான்ஸ் சாமியார் ஒரு திரை போட்டு மூடினார். ஊர் அந்தத் திரைக்குச் சரிகை வைத்துத் தைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் விலக்கியது. அவர் பாவம், என்னதான் செய்வார்.

பதினோரு முக்காடுகளில் முகம் வந்துவிட்டது, கடைசி ஒன்று மட்டும் இருட்டாகவே இருந்தது. அது ஏன் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. "அது சலேத்துவுக்கு உள்ள எடம். அவ தப்பே பண்ணலைல்ல, அதான் காலியா இருக்கு" என்றார்கள். சாமிக்குச் சோறு போட்ட கை என்று கோவில் காரியங்களில் அவளை முன்னால் நிறுத்தினார்கள். காணிக்கைத் தட்டு அவள் கையில், பாஸ்கா மெழுகுவர்த்தி அவள் கையில். குழந்தைகளை அவள் காலடியில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவளோ ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்குள் வந்ததும் அந்தக் கடைசி முக்காட்டைத்தான் பார்த்தாள். முதல் சில வாரங்கள் அது இருட்டாக இருப்பதைக் கண்டு அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் அதுவே மூச்சை அடைத்தது. தன் முகம் அங்கே வந்துவிட வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும், யாராவது தோளைப் பிடித்து என்ன பண்ணினே என்று கேட்க வேண்டும் என்று அவள் ஏங்கினாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அவளாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

சாமியார் இறந்த அந்த வாரத்தின் முதல் நாளே கஞ்சி அப்படியே இருந்தது. உபவாசம் என்று நினைத்து அவள் அதன் பக்கத்தில் புதுக் கஞ்சியை வைத்தாள். மறுநாளும் அப்படியே இருந்தது. பெரிய வெள்ளியன்று அவள் மாடத்தின் பலகையைத் திறந்தபோது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. மரத்தில் விரல் முட்டி படுகிற சத்தம், மெல்ல, நிறுத்தி நிறுத்தி. சாமியார்கள் தட்டியதாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சாமி என்று ஒரு வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. ஊர் நூறு வருஷமாகக் காப்பாற்றி வந்தது தன் வாயால் போய்விடுமே என்று பயம் வந்தது. தச்சன் முழங்காலில் நின்ற கதை ஞாபகம் வந்தது. அவள் பலகையைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, சிலுவைப்பாதைக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டாள். அன்று அவள் கொட்டகைக் கோவிலில் அழுதுகொண்டே பாடினாள், இயேசுவை எல்லாரும் கைவிட்டார்களே என்று.

ஒரு முறை பாவசங்கீர்த்தனத்தில் பெர்க்மான்ஸ் சாமியாரிடம் தொடங்கிப் பார்த்தாள்.

"சாமி, கஞ்சி அப்படியே இருந்துச்சு சாமி."

"அது உங்க தப்பு இல்லம்மா. அவர் உபவாசம் இருந்தார்."

"இல்ல சாமி, அதுக்கப்புறம்..."

"நீங்க ஒருத்திதான் அவருக்கு ஏதாவது செஞ்சீங்க. உங்களையே போட்டு வருத்திக்காதீங்க. போய்ச் சமாதானமா இருங்க" என்று அவர் சிலுவை அடையாளம் போட்டார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. சலேத்து எழுந்து வந்துவிட்டாள். அன்று இரவு தனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அதைத் தொடாமல் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளியன்று, சிலுவையை முத்தமிடச் சனங்கள் வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி முக்காட்டின் இருட்டு விலகியது. கூட்டம் மொத்தமும் சலேத்துவைத் திரும்பிப் பார்த்தது, அவளும் இதோ வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் காதில் விழுந்தது, "யாருய்யா இது?" என்கிற ராயப்பனின் குரல். கண்ணைத் திறந்தாள். சுவரில் இருந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் முகம். ஒடுங்கிய கன்னம், வெடித்த உதடு, கலங்கிய நீலக் கண். ஊரில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. யாரோ வெளியூர் ஆள், நம்ம ஊர்ச் சுவரில் எதற்கு என்று முணுமுணுப்பு எழுந்தது. மற்ற பதினோரு பேரின் கைகளும் அங்கிக்குள் இருக்க, இவருடைய வலது கை மட்டும் வெளியே வந்து, விரல்கள் பாதி மடங்கியபடி உயர்ந்திருந்தது.

"ஆசீர்வாதம் பண்றாரு" என்று மங்களமேரி முதலில் சொன்னாள். சொன்னதும் அவள் முழங்காலில் விழுந்தாள், அவளைப் பார்த்து வரிசையே விழுந்தது. பெர்க்மான்ஸ் சாமியாரும், பழைய காலத்து ஆசீர்வாதத்தில் விரல் அப்படி இருந்திருக்கலாம் என்று நினைத்து, மெதுவாக முழங்காலிட்டார். நின்றது சலேத்து ஒருத்திதான். அவள் கையைப் பார்த்தாள். புறங்கையில், கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை, உளி இழுத்த தழும்பு.

"அது ஆசீர்வாதம் இல்ல" என்றாள். அவள் குரல் சவப்பெட்டிக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "தட்டுறாரு."

யாருக்கும் புரியவில்லை.

"இவருதான் நம்ம சாமி. நம்ம ஒருத்தரும் மூஞ்சியப் பாக்கல, அதான் தெரியல. எனக்கு அந்தக் கையத் தெரியும். போன பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வெள்ளி, உசுரோட இருந்தாரு. உள்ளருந்து தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு. என்ன சாமி, சாப்பிடலையான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். நான் பலகையச் சாத்திட்டு வந்துட்டேன்."

அவள் யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாராவது திட்டுவார்கள், யாராவது அழுவார்கள் என்று காத்திருந்தாள். ஊர் முழங்காலிலிருந்து எழுந்தது, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டியது, ஒருவர் பின் ஒருவராக வாசல் வழியாக வெளியே போனது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த ஊருக்கு நன்றாகத் தெரிந்த வேலை அதுதான்.

சலேத்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. பாஸ்கா வந்தது, போனது, அவள் வெளியே வரவில்லை. தெருவில் போனவர்கள் சாத்திய கதவைப் பார்த்தார்கள். கூரையில் புகை இல்லாததைப் பார்த்தார்கள், சாயங்காலம் விளக்கு இல்லாததைப் பார்த்தார்கள். மனசு சரியில்லாமல் இருக்கிறாள், தனியாக இருக்கட்டும், நாம் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது என்று மிகுந்த மரியாதையோடு தள்ளி நடந்தார்கள். டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தபோது சந்தியாகுவும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்தார். சுவரில் இருக்கிற தன் முகம், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய முகம், தாடியோடும் மருவோடும் அவர் கண்முன் வந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த சலேத்துவுக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வெளியிலிருந்து கேட்டபோது அது எவ்வளவு சின்னச் சத்தமாக இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளேயிருந்து கேட்டபோது அது வீட்டையே அதிர வைத்தது. தான் தட்டியது ஊருக்கே கேட்டிருக்கும் என்றுதான் அந்தச் சாமியாரும் நினைத்திருப்பார், யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் சாய்ந்திருப்பார். அவளுக்கு அழுகை வந்தது. அவள் பதில் சொல்லவில்லை.

சந்தியாகு கையில் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றார். பதில் வராததால் படி இறங்கி, தெரு வரைக்கும் போனார், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார், நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மறுபடி தட்டினார். இந்தத் தடவை வாயைத் திறந்தார்.

"சலேத்து. அண்ணன் வந்திருக்கேன். சாப்பிட்டியாத்தா?"

உள்ளே ஆள் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"இன்னும் இல்லண்ணே" என்றாள் சலேத்து.